சவாசனத்தில் முடிந்த சம்பந்தம்

கம்பத்து மாட்டுத் தரகர் அய்யாத்துரைக்கு நெஞ்சு தாளம் தப்பியது. நாலு துடிப்பு ஒழுங்காகத் துடிக்கும். ஐந்தாவது எங்கேயோ டீ குடிக்கப் போய்விடும். தேனி டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார்.

"பயப்பட ஒண்ணுமில்ல. மாத்திரைய விடாதீங்க. காப்பி, பீடியக் குறைங்க. கூடவே யோகா பழகுங்க, மனசு அடங்கும். சவாசனம் முடிஞ்சதும் ஒருக்களிச்சு மெதுவா எந்திரிங்க."

பஸ் கம்பம் வந்து சேர்வதற்குள் அந்த வைத்தியம் குட்டி போட்டுவிட்டது.

"சவாசனத்துல இருக்கப்ப யாரும் கூப்பிடக் கூடாதாம். பாதியில எந்திரிச்சா நெஞ்சு அங்கனயே நின்னுருமாம். டாக்டர் சொன்னாக" என்றார் மனைவி சண்முகத்தாயிடம். தெரு முழுக்கவும் சொல்லி வைத்தார்.

காரணம் இருந்தது. மகள் சொர்ணலதாவைத் தன் தங்கை மகன் ஆதித்தனுக்குக் கொடுப்பதாக முடிவு கட்டியிருந்தார். ஆதித்தனுக்கு ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம் உண்டு; அதற்குள் இறங்கி வேலை பார்க்கும் பழக்கம் மட்டும் கிடையாது. சொர்ணலதாவோ, குமுளிக்கு ஜீப் ஓட்டும் மாமன் மகன் காமராஜைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். சண்முகத்தாய் மகள் பக்கம்.

"ஏங்க, லதா கல்யாணத்தப் பத்தி..."

அவ்வளவுதான். பாய் விரிந்துவிடும். அய்யாத்துரை கைகால் பரப்பி மல்லாந்துவிடுவார். கருவாட்டுக் குழம்பு வாசம் வந்தால்தான் உயிர் திரும்பும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை சண்முகத்தாய் தானே பாயை விரித்துக் கொடுத்தாள். "படுங்க, நெஞ்சு முக்கியம்ல." புருஷன் குளிர்ந்துபோய்க் கண்ணை மூடினார்.

வாசலில் ஜீப் வந்து நின்றது. காமராஜின் அப்பா, அதாவது சண்முகத்தாயின் அண்ணன் சுருளிவேல், இறங்கினார். அவரும் மாட்டுத் தரகர்தான். கூடவே சந்தை ஆட்களும் சொந்தக்காரப் பெண்களுமாக ஒரு கூட்டம். மல்லிகை வாசமும் வெற்றிலை வாசமும் வீட்டுக்குள் வந்தன. அய்யாத்துரைக்கு விளங்கிவிட்டது. எழுந்து கத்தலாம். கத்தினால், பாதியில் எழுந்தும் சாகாத அதிசயத்தை ஊருக்கு விளக்க வேண்டும். வாய் திறந்து சம்மதம் சொன்னால்தானே என்று அப்படியே கிடந்தார்.

"மாப்ள ஆசனத்துல இருக்காக. எப்பிடிக் கேக்குறது தாயி?" என்றார் சுருளிவேல் தங்கையிடம்.

"நீங்க ரெண்டு பேரும் என்னைக்கு வாயால பேசி முடிச்சீக?" என்ற சண்முகத்தாய், விரிந்து கிடந்த புருஷன் கைமேல் ஒரு துண்டைப் போட்டாள். "கேளுண்ணே."

சுருளிவேல் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து அமுக்கினார்.

வாழ்நாளெல்லாம் சந்தையில் துண்டுக்குள்ளே விலை பேசிய விரல் அது. அதற்கு யோகாவும் தெரியாது, பொண்ணா மாடா என்றும் தெரியாது. ஒருத்தன் அமுக்கினால் பதிலுக்கு அமுக்கத்தான் தெரியும். அமுக்கிவிட்டது.

"முடிஞ்சிருச்சு!" என்று சந்தை ஆட்கள் கை தட்டினார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். துண்டுக்குள் முடிந்த பேச்சை மாற்றிப் பேசும் தரகனுக்கு அப்புறம் எந்தச் சந்தையிலும் பிழைப்பு கிடையாது.

கூட்டம் கலைந்ததும் அய்யாத்துரை துள்ளி எழுந்தார். "மாட்டப் பேசுற மாதிரியா பொண்ணப் பேசுறது?"

"உங்க தங்கச்சிகிட்ட நீங்க எப்பிடிப் பேசுனீக? தோட்டத்துல எத்தன கிணறு, பம்புசெட்டு ஓடுதான்னுதான? லதாவ ஒரு வார்த்தை கேட்டீகளா?"

அய்யாத்துரையின் கை நெஞ்சுக்குப் போனது. "ஐயோ... பாதியில எந்திரிச்சிட்டேனே..."

"ஒண்ணும் ஆகாது. மாத்திரை வாங்கப் போனப்ப டாக்டர்கிட்டயே கேட்டுட்டேன். விழுந்து விழுந்து சிரிச்சாக."

அய்யாத்துரை மெல்லப் பாயில் உட்கார்ந்தார்.

"நல்லாப் படுங்க" என்றாள் சண்முகத்தாய். "முகூர்த்தத்தன்னைக்கும் இப்பிடியே கெடங்க. கல்யாணம் தடங்கலில்லாம நடக்கும்."