நாக்கு சாரின் மூக்கு

நறுக்கிய வெங்காயத்தை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நெஞ்சு விரிய ஒரு மூச்சு இழுத்தார் நாக்கு சார். கண்ணில் தண்ணீர் வந்தது. வாசனை வரவில்லை.

"இன்னிக்காவது?" என்றாள் மனைவி, அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கண்ணு ஒத்துக்குது. மூக்கு ஒத்துக்கலை."

ஒன்பது நாளாக இதே கதைதான். குளிர் தொடங்கிய வாரத்தில் பிடித்த சளி நல்லபடியாகப் போய்விட்டது. போகும்போது வாசனையையும் ருசியையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது.

தச்சருக்கோ தபால்காரருக்கோ இப்படி ஆகியிருந்தால் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் இவர் பாக்கெட் சூப் தயாரிக்கும் கம்பெனியின் தலைமை ருசி பார்ப்பவர். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கம்பெனியில் அவருக்குப் பெயரே நாக்குதான். அரைக் கரண்டி எடுப்பார். கண்ணை மூடுவார். கூடம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஒரு வாக்கியம் சொல்வார். அது அப்படியே பாக்கெட்டின் மேல் அச்சாகும். போன வருஷத் தக்காளி சூப்புக்கு, "தட்டாத கதவு தானே திறந்தது" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் தெரியாது. சூப் நன்றாக விற்றது.

"கண்ணை மூடினால்தான் நாக்கு விழிக்கும்" என்ற அவருடைய பொன்மொழி, அவர் அறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. சட்டம் போட்டவரும் அவரே.

இன்றைக்குக் குளிர்காலப் போட்டி. ஊழியர்கள் வீட்டிலிருந்து ஆறு பேர் தங்கள் கையால் வைத்த சூப்பைக் கொண்டுவருவார்கள். நாக்கு சார் தேர்ந்தெடுப்பதுதான் இந்த வருஷத்துப் பாக்கெட். கிண்ணத்தில் பெயர் இருக்காது என்பதால், முதல் முறையாக அவர் மனைவியும் கலந்துகொள்கிறாள். மூன்று நாளாக வீட்டில் பூசணிக்காயும் பருப்பும்தான்.

"நேரா முதலாளிகிட்ட மூக்கு போச்சுன்னு சொல்லிடுங்களேன்."

"நாக்கு சாருக்கு ருசி தெரியலைன்னா அப்புறம் என்னை எதுக்கு வச்சிருப்பாங்க? மாவு சலிக்கவா?"

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "ஊர்ல இருக்கிறவங்க சூப்புக்கெல்லாம் வாக்கியம் சொல்றீங்க. நான் இருபத்திரண்டு வருஷமா வைக்கிறேன். 'ம், நல்லாருக்கு'தான். எனக்கும் ஒண்ணு கிடைக்கட்டுமேன்னுதான் பேரு குடுத்தேன். இந்த வருஷம் பார்த்து மூக்கைத் தொலைச்சுட்டு நிக்கிறீங்க."

நாக்கு சாருக்கு வேலை போவதைவிட இது பெரிதாக வலித்தது.

"கவலைப்படாதே. உன் கிண்ணத்துல கேரட்டை நட்சத்திரமா வெட்டிப் போடு. ஓரக்கண்ணால பார்த்துக்கிறேன்."

"கண்ணை மூடினாத்தானே நாக்கு விழிக்கும்?"

"பாதி மூடினா போதும்."

கேரட் நட்சத்திரமாயிற்று. கம்பெனிக் கூடத்தில் கிண்ணங்களை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்த கேன்டீன் அக்காவிடம் முதலாளி சத்தமாகச் சொன்னார்: "எல்லாத்தையும் வடிகட்டிடும்மா. காய்த் துண்டைப் பார்த்தா கண்ணு ஏமாத்திடும். நாக்கு சாரோட கொள்கையே அதுதானே! என்ன சார்?"

"ரொம்பச் சரி," என்றார் நாக்கு சார். நட்சத்திரங்கள் சல்லடையில் தங்கிவிட்டன.

நடையில் மனைவியை ஓரமாக இழுத்தார். "தும்மிடு."

"என்ன?"

"உன் கிண்ணத்துல நான் கரண்டி வைக்கும்போது ஒரு தும்மல் போடு. போதும்."

"தும்மல் என்ன நான் கூப்பிட்டா வருமா?"

"வந்த மாதிரி நடியேன்!"

திட்டம் நல்ல திட்டம்தான். பருவம்தான் தப்பு. கூடத்தின் வெப்பக் கருவி காலையிலேயே படுத்துவிட்டிருந்தது. நாக்கு சார் கண்ணை மூடி முதல் கிண்ணத்தில் கரண்டியை வைத்தார். நான்கு தும்மல்கள் கேட்டன. அதில் ஒன்று முதலாளியுடையது. இரண்டாவது கிண்ணத்துக்கு மூன்று. மூன்றாவதில் கரண்டி படுவதற்கு முன்பே விற்பனை மேலாளர் ஐந்து முறை அடுக்கடுக்காகத் தும்மி, "மன்னிக்கணும்" என்றார். ஆறாவது கிண்ணம் வருவதற்குள் கூடமே ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி ஆகிவிட்டது.

"எப்படி சார்?" என்றார் முதலாளி.

"யோசிக்க வைக்கிறது," என்றார் நாக்கு சார். ஆறு கிண்ணத்துக்கும் அதையேதான் சொல்லியிருந்தார். ஆறிலும் அவருக்குக் கிடைத்தது சூடு ஒன்றுதான்.

"முடிவு?"

"இன்னொரு சுற்று. உயர்ந்த ருசி ஒரே தடவையில் பிடிபடாது."

சுற்றிலும் தலைகள் மரியாதையோடு ஆடின. விற்பனை மேலாளர் அதை எழுதியே வைத்துக்கொண்டார்.

இந்தத் தடவை தும்மலை நம்புவதில்லை என்று முடிவு செய்தார். மனைவியின் முகம் போதும். இத்தனை வருஷமாகப் படித்த முகம். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டி, மேஜையின் ஓரத்திலிருந்து ஒரு கிண்ணத்தை இழுத்து, கரண்டியை வாயில் வைத்து, இடது கண்ணை ஒரு நூலளவு திறந்தார்.

மனைவி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள்கள் குலுங்கின. கண்ணோரம் ஈரம்.

பூரிப்பு! இதுதான் அவளுடைய சூப்!

நாக்கு சாருக்குள் அடைபட்டுக் கிடந்த இருபத்திரண்டு வருஷம் மடை திறந்துகொண்டது. கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார்.

"இதில் ஆர்ப்பாட்டம் இல்லை," என்று ஆரம்பித்தார். "என்னைப் பார் என்கிற எதுவும் இதில் இல்லை. வெறும் கதகதப்பு. வெளியே குளிர் அடிக்கும்போது, ரொம்ப நாள் ஒன்றாக வாழ்ந்த இரண்டு பேர் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள், பாருங்கள். அந்தக் கதகதப்பு."

கூடத்தில் ஒரு தும்மல்கூட இல்லை. மனைவியின் தோள்கள் குலுங்குவது நின்றது. வாயைப் பொத்திய கைகள் மெல்ல இறங்கின. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளி ஒரு கரண்டி எடுத்துக் கண்ணை மூடினார். "அடடா! என்ன ஒரு அடக்கம்! எங்க வீட்லயும் வைக்கிறாங்களே!"

விற்பனை மேலாளர் இரண்டு கரண்டி எடுத்தார். "முழுங்கின பிறகு பின்னாடி ஒண்ணு வருது சார். சொல்லத் தெரியலை."

"அதுதான் ஆழம்," என்றார் நாக்கு சார்.

கணக்குப் பிரிவு அம்மாள், இதில் இஞ்சியை எவ்வளவு நாசூக்காக ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று வியந்தாள். கிண்ணம் கை மாறிக் கை மாறி முக்கால்வாசி காலியாயிற்று. முதலாளி அடியில் திருப்பிப் பார்த்தார். எண் எழுதிய சீட்டு இல்லை.

"விழுந்திருக்கும் போல. இது யார் வச்சதுப்பா? முன்னாடி வாங்க!"

யாரும் வரவில்லை. நாக்கு சார் மனைவியைப் பார்த்துக் கண்ணால் அழைத்தார். அவள் வேகமாகத் தலையை ஆட்டினாள்.

"ஏங்க... கொஞ்சம் இப்படி வாங்களேன்..."

"கூச்சப்படாதே! நீ வா இங்கே!" நாக்கு சார் கூடத்தின் பக்கம் திரும்பினார். "ஐயா, பாரபட்சம்னு யாரும் நினைக்கக் கூடாது. நாக்குக்குச் சொந்தம் பந்தம் தெரியாது. ஆனா உண்மையை மறைக்க முடியாது. இதை வச்சது என் மனைவி!"

கைதட்டல் கூரையைத் தொட்டது. முதலாளி மாலையை எடுத்தார். புகைப்படக்காரர் முட்டி போட்டு உட்கார்ந்தார். "இந்த ஒரு வாக்கியம் போதும் சார், ஆறு மாசத்துக்கு விக்கலாம்," என்று விற்பனை மேலாளர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மனைவி சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகத்தோடு எழுந்து வந்து, நாக்கு சாரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் கேன்டீன் அக்கா இரண்டு கையிலும் எச்சில் கரண்டிகளோடு உள்ளே வந்து, மேஜையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முதலாளியின் கையிலிருந்த கிண்ணத்தில் எட்டிப் பார்த்தாள்.

"ஐயையோ, கரண்டி அலசுறதுக்கு வச்சிருந்த வெந்நீரை யாருங்க குடிச்சது?"