யாருக்கு அதிகம் கசந்தது

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் சொல்லச் சொல்ல என் மூத்த பெண் பெரியவள் எழுதுவது. இங்கே என் முழங்கால் நீங்கலாக அனைவரும் நலம். அங்கே உன் காது நீங்கலாக அனைத்தும் நலம் என்று நம்புகிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் உனக்கு வசதியானது மட்டும்தான் காதில் விழுகிறது. எழுத்தில் வந்தால் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது.

நாம் வேலை பார்த்த கடையில் தண்ணீர்க் குழாய் வெடித்து மூன்றாம் மாடிப் போர்வைகள் அத்தனையும் நனைந்த வருஷம், முதலாளி திடீரென்று மீசையை எடுத்துவிட்டு வந்து யாரோ என்று நினைத்து ஒருவரும் எழுந்து நிற்காத வருஷம், நீ கடை வேனைக் கொண்டுபோய்ப் பேக்கரிக் கண்ணாடிக்குள் நிறுத்திவிட்டு பிரேக் மேல் பழி போட்ட வருஷம், அந்த வருஷம்தான் நாம் ஐந்து பேரும் முதன்முதலாகக் கப்பல் ஏறினோம். நான், உன் அக்கா, நீ, உன் வீட்டுக்காரி, கல்லாக்காரர். உனக்கு மறந்திருக்கும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதனால் எதுவும் மறப்பதில்லை. அடுத்த கப்பல் எங்கே என்று கடைச் சாப்பாட்டு அறையில் ஐந்து பேரும் ஐந்து திசையைக் காட்டிச் சண்டை போட்டபோது, உன் அக்கா சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு ஒரே பேச்சில் முடித்தாள். "போன பயணம் யாருக்கு ரொம்பக் கசந்துச்சோ, அவங்க சொல்ற எடத்துக்குப் போவோம். பாவம், அவங்களுக்கும் ஒரு நல்லது நடக்கட்டும்." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு நம்மில் ஒருவரும் எந்தக் கப்பலிலும் மனம்விட்டுச் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

கல்லாக்காரர் நல்ல சூப்பை வாயில் வைத்துக்கொண்டு கண் கலங்க "உப்பு" என்பார், கிண்ணத்தைத் துடைத்துவிட்டு. தங்கச்சி, உன் வீட்டுக்காரி, சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்த்து வாயைப் பிளந்தவள், நான் கவனிப்பதைக் கண்டதும் "கண்ணு கூசுது" என்று திரும்பிக்கொண்டாள். நீ என்ன குறைந்தவனா? தலையணை தட்டை என்று சொல்லிப் பயணம் முழுக்கக் கழுத்தை ஒரு பக்கமாகவே வைத்துக்கொண்டு நடந்து, இறங்குகிற அன்றைக்கு மறந்துபோய் மறு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு வந்தாயே. இறங்குகிற காலையில் உன் அக்கா பெட்டியின் மேல் உட்கார்ந்து எல்லாருடைய குறையையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வாள். அவளுக்கென்று ஒரு குறை இருந்ததில்லை. அதனால்தான் அவளை நீதிபதியாக வைத்திருந்தோம்.

இப்போது வந்திருக்கும் வில்லங்கம் உனக்கே தெரியும். கடைசிப் பயணத்துக்கு நாம் நாலு பேர்தான். தங்கச்சி அதற்கு முந்தின வருஷமே போய்விட்டாள். இறங்கிய அன்று கல்லாக்காரரின் பெட்டி வேறு யாரோடோ போய், அவர் அந்தப் பெட்டியில்தான் தன் மாற்றுப் பற்கள் இருக்கின்றன என்று கையால் சைகை காட்டி, நாம் நாலு பேரும் துறைமுகமெல்லாம் ஓடி, தீர்ப்பு நின்றுபோனது. "வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்" என்றாள் உன் அக்கா. வீட்டுக்கு வந்ததும் கல்லாக்காரர் படுத்தார், எழுந்திருக்கவில்லை. பிறகு அவளும். தீர்ப்பு அப்படியே தொங்குகிறது. நீ அதைச் சாக்காக வைத்துக்கொண்டு, உனக்குத்தான் அதிகம் கசந்தது, ஆகவே நீ சொல்கிற பனிக்கடலுக்குத்தான் போக வேண்டும் என்று என் பெண்ணிடம் போனில் தீர்ப்பெழுதுகிறாய்.

டிக்கெட் போடுகிற அம்மாள் இரண்டு படப் புத்தகம் கொடுத்திருக்கிறாள். ஒன்றில் பனி. கப்பல் என்று பெயர், பார்த்தால் சோப்புப் பெட்டி மாதிரி இருக்கிறது. மூன்று தட்டு. பனிப்பாறைகளுக்கு நடுவே சந்து மாதிரி வழியாம், அதனால் பெரிய கப்பல் நுழையாதாம். அதில் லிஃப்ட் கிடையாது. செங்குத்துப் படி, பக்கத்தில் கயிறு. இன்னொன்றில் மணல். வெயில் தீவுகள், பதினான்கு மாடிக் கப்பல், எட்டு லிஃப்ட். இரண்டும் உலகத்தின் இரண்டு கோடி. வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றைச் சொல்லாவிட்டால் இரண்டிலும் இடம் போய்விடும் என்கிறாள். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று நீ சுலபமாகச் சொல்கிறாய். அடுத்த வருஷம் கப்பல் இருக்கும், மச்சான். நம் இரண்டு பேரையும் ஏற விட டாக்டர் கையெழுத்துப் போடுவாரா? போன தடவையே என் முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, பழைய மேஜையைப் பார்ப்பது போல்தான் பார்த்தார். லிஃப்ட் இல்லாத கப்பலில் என்னை ஏற்றுவதென்றால் கயிறு கட்டி இழுக்க வேண்டும்.

ஆகையால் போன பயணத்தில் நான் பட்ட பாட்டை வரிசையாகச் சொல்கிறேன். படித்துவிட்டு நீயே மனசாட்சியைத் தொட்டுச் சொல்.

ஏறிய மறுநாள் காலை, பலகாரம் சாப்பிட எட்டாவது மாடிக்குப் போக லிஃப்டில் ஏறினேன். வாழ்நாளெல்லாம் கடை லிஃப்டில் தொப்பியோடு நின்று ஆள் ஏற்றி இறக்கியவன் எங்கே நிற்பான், பொத்தான் பக்கத்து மூலையில்தான் நின்றேன். பெரியவள் வாங்கிக் கொடுத்த சாம்பல் நிறக் கோட்டு போட்டிருந்தேன், பித்தளைப் பொத்தான் வைத்தது, அவள் மேல் தப்பில்லை, அழகாக இருக்கிறது என்று வாங்கினாள். (எழுதும்மா, நீ வாங்கியதுதானே.) தொப்பி வைத்த ஒரு அம்மாள் ஏறி என் முகத்தைக்கூடப் பார்க்காமல் "ஆறு" என்றாள். அமுக்கினேன். கூட வந்தவர் "பத்து" என்றார். அமுக்கினேன். பத்தில் ஒரு குடும்பமே ஏறியது, சக்கர நாற்காலியில் ஒரு பெரியவரோடு, கதவைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை, நான் பிடித்தேன், அவர் இறங்குகிற இடத்தில் நாலு பேர் காத்திருந்தார்கள், அவர்களில் ஒருவருக்கு நீச்சல் குளம் எங்கே என்று தெரியவில்லை, சொன்னேன், ஏறின மறுநாளே எனக்கு எந்த மாடியில் என்ன என்று தெரிந்திருந்தது, அது என் குற்றமா, இப்படியே ஏறி இறங்கி, எட்டாவது மாடியை நான் எத்தனையோ தடவை தாண்டியும் இறங்கவில்லை, பலகார நேரம் போய்விட்டது. கடைசியில் வெள்ளைச் சட்டை மேற்பார்வைக்காரன் ஒருவன் ஏறி, என்னை மேலும் கீழும் பார்த்து, "தொப்பி எங்க?" என்றான். வாழ்க்கையில் அந்தக் கேள்விக்கு நான் ஒரே ஒரு பதில்தான் சொல்லிப் பழக்கம். "துவைக்கப் போட்டிருக்கேன் சார்" என்றேன். "நாளைக்குத் தொப்பி இல்லாம நிக்காத. போய்ச் சாப்பிடு" என்று அடித்தட்டில் வேலைக்காரர்கள் சாப்பிடுகிற இடத்துக்கு அனுப்பிவிட்டான். டிக்கெட் எடுத்த பயணியை. அங்கே சாப்பாடு மேலே இருந்ததைவிட நன்றாக இருந்தது என்பது வேறு விஷயம், அதை நீ பிடித்துக்கொள்ளாதே.

மறுநாளும் போனேன், உண்மைதான். போகாவிட்டால் அந்தச் சக்கர நாற்காலிக்காரருக்கு யார் கதவைப் பிடிப்பது? அன்று சாப்பாட்டுக்குப் பிறகு உன் அக்கா என்னைத் தேடிக்கொண்டு வந்து லிஃப்டுக்குள்ளேயே நின்றாள். அவளுக்கு லிஃப்ட் என்றால் வயிறு புரட்டும். கடையில் நாலாம் மாடித் திரைச்சீலைப் பிரிவுக்குத் தைக்கப் போகும்போது அத்தனை வருஷமும் படியேறியே போனவள். என் லிஃப்டில் ஏறாத ஒரே ஆள் என்பதால்தான் அவளை நான் கவனித்ததே. அவளையும் அன்று அதில் நிற்க வைத்துவிட்டது இந்தப் பயணம். இதையும் என் கணக்கில் சேர்த்துக்கொள்.

அதைப் பற்றி நீ போனில் என்ன சொன்னாய்? "அத்தான், லிஃப்ட்ல நீங்க பட்டது கஷ்டமா? அங்க நின்ன நாளெல்லாம் உங்க பல்லு வெளியதான் தெரிஞ்சுது." பெரியவள்கூடச் சிரித்தாள். அது கட்டின பல், மச்சான். அந்தப் பல்லோடு வாய் மூடாது. துக்க வீட்டிலும் அப்படித்தான் தெரிகிறது.

அடுத்தது அந்தக் குடை. கரையில் இறக்கி ஊர் காட்டுகிறேன் என்றவள், "மஞ்சக் குடையை மட்டும் விட்டுடாதீங்க, அது பின்னாலயே வாங்க" என்றாள். விட்டோமா? நாலு பேரும் மஞ்சள் குடையின் பின்னாலேயே போனோம். கடைத்தெரு வந்தது, காய்கறி வாங்கியது குடை. நாமும் நின்றோம். கல்லாக்காரர் "இது நல்லா விளக்கமா காட்டுறாங்க" என்றார், மறந்துபோய்ப் பாராட்டிவிட்டு உடனே இருமினார். பிறகு குடை திரும்பிப் பார்த்தது. வேகமாக நடந்தது. நாமும் வேகமாக நடந்தோம். மூலை திரும்பியது, திரும்பினோம். ஓட ஆரம்பித்தது. "என்ன இப்படி ஓட்டுறா, வயசானவங்க வர்றது தெரியலையா?" என்று கத்தியது நீதான். கடைசியில் குடை ஒரு வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டது. நீ கதவைத் தட்டி, "பாக்க வேண்டியது உள்ள இருக்கா?" என்று கேட்டாய். குடைக்கடியில் இருந்தது எவனோ ஒரு ஊர்க்காரன், அவன் மனைவி கதவைத் திறந்து, நம்மைப் பார்த்து, என்ன நினைத்தாளோ, நாலு நாற்காலி போட்டாள். தேநீர் கொடுத்தாள். அவன் காய்கறிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நம்மையே பார்த்துக்கொண்டிருந்தான். உன் அக்கா அவளுடைய சன்னல் திரையின் விளிம்பு பிரிந்திருப்பதைப் பார்த்து, ஊசி நூல் வாங்கித் தைத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். ஊரில் பார்க்க வேண்டிய ஒன்றையும் பார்க்கவில்லை. இது எனக்கு நடந்ததா இல்லையா? உனக்கும் நடந்தது என்பாய். ஆனால் நீ இரண்டு கோப்பை குடித்தாய்.

இனி உன் பக்கத்து வழக்கு. காதில் தண்ணீர் போயிற்றாம். நீச்சல் குளத்தில் உன்னை யார் குதிக்கச் சொன்னது? "ஆழமா இருக்கும் மாமா" என்று ஒரு சின்னப் பெண் சொன்னதற்காக, மூக்கைப் பிடித்துக்கொண்டு காதைப் பிடிக்காமல் குதித்தாய். காலில் கொப்புளமாம். செருப்பு அழகாக இருக்கிறதென்று ஒரு அளவு சின்னதாக வாங்கினால் கொப்புளம் வராமல் பூவா பூக்கும்? தானாகத் தேடிக்கொண்டது கசப்பில் சேராது. உன் அக்கா இருந்திருந்தால் உன் மனுவை அந்தப் பெட்டி மேலேயே தள்ளுபடி செய்திருப்பாள்.

ஆகவே எனக்குத்தான் அதிகம் கசந்தது. நான் சொல்கிறேன், மணல். பதினான்கு மாடி, எட்டு லிஃப்ட். வெள்ளிக்கிழமை அந்த அம்மாளிடம் நீயே போய் மணல் என்று சொல்லிவிட்டு வா. வேறு பேச்சு வேண்டாம். பெரியவள் "அப்பா, கொஞ்சம் தன்மையா சொல்லுங்க" என்கிறாள். தன்மையாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

உன் பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும் என் ஆசி. உனக்கும் ஆசிதான், எரிச்சலோடு கொடுத்தாலும் அது பலிக்கும். காதுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொள். செருப்பை மாற்று.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். இதை எழுதுவது எங்கள் தெருமுனை மருந்துக்கடைக்காரர். தபாலில் போடப் போகிற வழியில் உறையைத் திறந்து கொடுத்தேன். பெரியவளை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியாது, அவள் அழுதால் எனக்குச் சமாளிக்கத் தெரியாது.

அன்று லிஃப்டில் உன் அக்கா விளக்குப் போடுகிற வரைக்கும் என்னோடு நின்றாள். "வயிறு புரட்டலையா?" என்றேன். "புரட்டுது." "அப்பப் போயேன்." "நீங்க எப்ப வர்றீங்களோ அப்பப் போறேன்." இன்னும் ஒரே ஒரு சுற்று என்றேன். அப்படி எத்தனை ஒரே ஒரு சுற்று சொன்னேனோ. மேல்தட்டில் கதவு திறக்கும்போதெல்லாம் எதிரே கடல் தெரியும், ஆள் ஏறியதும் மூடிக்கொள்ளும். கடைசியில் சொன்னாள், "கடல் பாக்க வந்தேன். கதவு தெறக்கறப்பல்லாம் துண்டு துண்டா பாத்துட்டுப் போறேன். அடுத்த தடவை லிஃப்ட் இல்லாத கப்பலா பாருங்க."

அத்தனை கப்பலில் அவள் சொன்ன ஒரே குறை அதுதான். கேட்டது நான் மட்டும். யோசித்துப் பார்த்தேன், நீதிபதியும் பயணிதானே. எனக்குப் பல் தெரிந்தது உண்மை. அந்த மூலையில் நிற்கையில் எனக்கு ஒரு கசப்பும் இல்லை. உனக்கும் கிடையாது, இரண்டு கோப்பை குடித்தவனுக்கு என்ன கசப்பு. கசந்தது அவளுக்கு. அப்படியானால் இடத்தைச் சொல்ல வேண்டியவள் அவள், சொல்லியும் விட்டாள். பனி, மணல் என்றெல்லாம் அவள் சொல்லவில்லை. இருக்கிற இரண்டில் லிஃப்ட் இல்லாதது அந்தச் சோப்புப் பெட்டிதான். நீ ஜெயித்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாதே.

வெள்ளிக்கிழமை அதற்கே போட்டுவிடு. முழங்காலைப் பற்றி மேலே எழுதியிருப்பது மட்டும் நிஜம். "அந்தப் படியில உங்களால ஏற முடியாது" என்று மருந்துக்கடைக்காரரும் சொல்கிறார், அதையும் எழுதச் சொன்னேன். ஒருவர் கை கொடுத்தால் ஏறிவிடுவேன். தங்கச்சி இல்லை. கல்லாக்காரர் இல்லை. உன் அக்கா இல்லை. கை கொடுக்க அந்தக் கூட்டத்தில் மிச்சம் இருப்பது நீ ஒருவன்தான், மச்சான்.