கப்பலில் துண்டு போட்டவர்

கட்டின காசை எடுப்பவர் என்றொரு இனம் நம்மிடையே உண்டு. உங்களுக்குத் தெரியாதவரல்ல. கல்யாண வீட்டில் மொய் எழுதிய கையோடு பந்திக்குப் போய், இலையை வழித்துவிட்டு, ஐஸ்கிரீம் கொடுக்கும் மூலைக்கு இரண்டாம் முறையும் புது ஆள்போல வந்து நிற்பாரே, அவர்தான். தரையில் இப்படி என்றால், இவரைத் தண்ணீரில் விட்டால் என்ன ஆகும்? ஓசூர் கமலக்கண்ணன் குடும்பத்தோடு கப்பல் சுற்றுலா போனார்.

கமலக்கண்ணனுக்குச் சொந்த ஊர் மத்தூர். சிப்காட்டில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். ஒரு மிஷின் சும்மா நின்றால் போதும், மனிதருக்கு இருப்புக் கொள்ளாது. மனைவி சுப்ரியாவுக்கு வேறொரு கம்பெனியில் ஜெனரல் ஷிப்ட். இவர் நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது அவள் டிபன் டப்பாவோடு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருப்பாள். வாசற்படியில் சாவியைக் கைமாற்றிக்கொண்டேதான் இருவரும் இத்தனை வருடமும் குடித்தனம் நடத்தினார்கள்.

"எங்கியாச்சும் போயி உங்ககூட அரை மணி நேரம் சும்மா உக்காரணுங்க. எனக்கு வேற ஒன்னும் வேணாம்" என்பாள் சுப்ரியா. அதற்காகத்தான் கப்பல். ஆயுத பூஜை லீவில், சென்னையில் ஏறிச் சென்னையிலேயே இறங்குவது. நல்ல எண்ணம்தான். ஆனால் டிக்கெட்டில் 'எல்லாம் அடக்கம்' என்று அச்சடித்திருந்தார்கள். மனிதரைக் கெடுத்தது அந்த இரண்டு சொல்தான்.

ஏறியதும் மேல்தளத்துக்கு ஓடினார். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில், நிற்காத பஸ்ஸின் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட்டுப் பிடித்துப் பழகிய கை அது. கடலைப் பார்த்துக் கிடந்த இரண்டு சாய்வு நாற்காலிகள்மேல் துண்டு விழுந்தது.

"நீ இதுல உக்காரு. இன்னொன்ன யாருக்கும் விட்றாத. நானு ஒரு ரவுண்டு பாத்துட்டு வந்துடறன்."

அந்த ரவுண்டு முடியவே இல்லை. இட்லி வீட்டிலேயே கிடைக்கிறதே என்று அதை ஒதுக்கிவிட்டு, பெயர் தெரியாத பாலாடைக்கட்டியை முகம் சுளித்துக்கொண்டே விழுங்கி, அடுத்த தளத்தில் இன்னொரு காலை டிபன் இருப்பது தெரிந்து அதற்கும் ஏறி, தும்மிக்கொண்டிருந்த மகள் சௌமியாவைச் சறுக்குமரத்தில் திரும்பத் திரும்ப ஏற்றிவிட்டு, மொழி புரியாத மேஜிக் ஷோவில் எல்லோருக்கும் முன்னால் கைதட்டி, பிறந்ததிலிருந்து செய்யாத யோகாவைச் செய்து, கடலுக்கு முதுகைக் காட்டியபடி ஜிம்மில் நடை நடந்து, மூச்சிரைக்க மதியப் பந்திக்கு வந்து சேர்ந்தார். சும்மா உட்கார்வதா? அதைத்தான் ஓசூரில் மிஷின் நிற்பது என்பார்கள்.

"ஏங்க, சூரியன் எறங்குது. வந்து உக்காருங்க."

"சூரியன் ஓசூர்லயுந்தான் எறங்குது. கீழ நூடுல்ஸ் போடறாங்க, தீந்துடும்!"

சுப்ரியா பக்கத்து நாற்காலியில் துண்டைச் சரியாக இழுத்துவிட்டாள். வருகிறவர் போகிறவரெல்லாம் அந்தக் காலி நாற்காலியைக் காட்டி, "ஆள் இருக்குதா?" என்று கேட்டார்கள். "எங்க வீட்டுக்காரரு வந்துடுவாருங்க" என்று முதல் நாள் சிரித்தபடி சொன்னாள். மறுநாள் சிரிக்காமல் சொன்னாள். கடைசி நாள் கமலக்கண்ணனின் வயிறு வேலைநிறுத்தம் அறிவித்துவிட்டது. ஜன்னல் இல்லாத அறையில் குளியலறைக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டிருந்தவர், வெளியே வந்தபோது கப்பல் துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்தது.

லீவு முடிந்து, கம்பெனியில் முதல் நைட் ஷிப்டின் டீ இடைவேளை. லைனில் புதிதாகச் சேர்ந்த தளி ஊர்க்காரர் மாதேஷ் ஆசையோடு பக்கத்தில் வந்தார்.

"கடல் எப்டி சார் இருந்துச்சு? நானு இன்னும் பாத்ததே இல்ல."

கமலக்கண்ணன் வாயைத் திறந்தார். நூடுல்ஸ் ஞாபகம் வந்தது, கேக் ஞாபகம் வந்தது, லிஃப்ட்டில் ஒட்டியிருந்த சாப்பாட்டு நேரம் வரிசையாக ஞாபகம் வந்தது. கடல் வரவில்லை.

"பெருசா இருந்துச்சு" என்றார். சொன்னபோதே வெட்கமாக இருந்தது. கப்பலில் போய்க் கடலைப் பார்க்காமல் வந்தவன் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். பரவாயில்லை, வீட்டில் ஒருத்தி உட்கார்ந்து பார்த்திருக்கிறாளே, அவளைக் கேட்டுக்கொள்ளலாம்.

ஷிப்ட் முடிந்து வந்தவரின் கையில் சுப்ரியா வழக்கம்போல் சாவியைக் கொடுத்தாள். அவர் கையை விடவில்லை.

"சுப்ரியா, கடல் எப்டி இருந்துச்சு?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "தெரியலீங்க. யாராச்சும் வந்து உக்காந்துடுவாங்கன்னு நானு உங்க நாற்காலியத்தான பாத்துட்டிருந்தன்."

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அவள் ஓடினாள்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் போன தடவை லாட்ஜைக் காலி செய்தபோது, பிரிக்காத சோப்பைப் பையில் போட்டுக்கொண்டது யார்? இதை எழுதுகிறவரைக் கேட்காதீர்கள், அவர் ஷாம்பூவும் எடுத்தார். வாங்கிய புத்தகம் வீணாகக் கூடாதென்று பிடிக்காத பக்கத்தையும் விடாமல் படிக்கிற ஆள்தானே நீங்கள்? மூடி வைத்துவிட்டு ஒரு நிமிடம் திரும்பிப் பாருங்கள். உங்கள் துண்டுக்கு யாரோ காவல் இருக்கிறார்கள்.