ஜன்னல் பக்கம் திரும்பும் நாற்காலி

அரசு வேலைக்குப் போக அந்த நகரத்தில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, படித்துப் பரீட்சை எழுதுவது. நீண்ட வழி, கண் எரியும். இன்னொன்று, ஆசனானந்தரின் நாற்காலியில் உட்காருவது. விடிந்ததும் விடியாததுமாக அவர் மண்டப வாசலில் கூட்டம் முட்டி மோதியது. வரிசையில் நின்ற இளைஞர்களில் பாதிப் பேர் கையில் பாடப்புத்தகம் வைத்திருந்தார்கள். வெயிலுக்கு மறைப்பாக.

அது ஒரு பெரிய அதிகாரி ஓய்வு பெறும்வரை உட்கார்ந்து தேய்த்த சுழல் நாற்காலியாம். அவருடைய பதவி யோகம் முழுக்க அதன் பஞ்சுக்குள் இறங்கிவிட்டதாம். அதிகாரியின் எந்தப் பகுதி வழியாக இறங்கியது என்று யாரும் கேட்கவில்லை. பக்தியில் அதெல்லாம் கேட்கக் கூடாது.

நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, காலைத் தரையிலிருந்து தூக்கிக்கொள்ள வேண்டும். எதிரே முக்காலியில், தரையைத் தொடும் வெள்ளை அங்கியோடு ஆசனானந்தர் முணுமுணுப்பார். நாற்காலி தானாகத் திரும்பும். ஜன்னலைப் பார்த்தால் அரசு வேலை. சுவரைப் பார்த்தால் ஆயுசுக்கும் தனியார்தான். முதல் தடவை எல்லோருக்கும் அது சுவரையே பார்த்தது. பரிகாரக் காணிக்கை கட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்தால் ஜன்னலைப் பார்த்தது. கைநீட்டி வாங்கினால்தான் அசைகிறது என்பதால், அசல் அலுவலக நாற்காலியேதான் என்று கூட்டம் மெய்சிலிர்த்தது.

உட்காருமுன் ஆசனானந்தர் ஒரு கேள்வி கேட்பார். "ஏம்ப்பா உனக்கு அரசாங்க வேலை?"

"ஞாயித்துக்கிழமை லீவு சாமி" என்றான் ஒருவன். "பொண்ணு கேட்டுப் போனா காப்பியாவது குடுப்பாங்க சாமி" என்றான் இன்னொருவன். "எங்க அண்ணனை ஒரே ஃபோன்ல வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க, சாமி. எனக்கும் அந்த மாதிரி ஃபோன் வரக் கூடாது" என்றான் மூன்றாமவன். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. பயத்தில்தான் வந்திருந்தார்கள், பாவம். அந்தப் பயத்தைத்தான் ஆசனானந்தர் அறுவடை செய்துகொண்டிருந்தார்.

அன்று தன் மகளை இழுத்துக்கொண்டு ஒரு காவலாளி வந்திருந்தார். ஒரு தனியார் கிடங்கில் காவலாளியாக இருந்து, போன மாதம் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். மகள் குடிநீர்த் துறைப் பரீட்சைக்கு ராப்பகலாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க தெருக் குழாய்ல சாக்கடை கலந்து என் தம்பி சாகக் கிடந்தான்" என்றாள் அவள். "தண்ணித் துறையிலேர்ந்து ஒரு அக்கா பாட்டிலோட வந்து, சோதிச்சு, உடைஞ்ச இடத்தைக் கண்டுபிடிச்சாங்க. தெருவே பிழைச்சுது. நானும் அந்த வேலையப் பார்க்கணும்."

கூட்டம் அவளைப் பரிதாபமாகப் பார்த்தது. வேலை பார்ப்பதற்காகவா ஒருத்தி வேலைக்குப் போவாள்?

நாற்காலி சுவரைப் பார்த்தது. பரிகாரம் கட்ட அப்பாவிடம் வழியில்லை. அவர் முகம் தொங்கிப்போயிற்று.

"போதும்மா. உன் தலையில எழுதலைன்னு எழுதி வச்சிட்டாங்க. பரீட்சையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நாளன்னைக்கே ஜவுளிக்கடையில சேர்ந்துடு."

மகளுக்கு அழுகை முட்டியது. அதைவிடக் கோபம் முந்தியது. ஆசனானந்தரிடம் திரும்பினாள்.

"சாமி, தண்ணி ஆய்வுக்கூடத்துல பாட்டில் மேல எந்தத் தெருன்னு எழுத மாட்டாங்க. தெரிஞ்சா சோதிக்கிறவங்க மனசு ஒரு பக்கம் சாய்ஞ்சிடும்னு வெறும் நம்பர்தான். உங்க நாற்காலியையும் அப்படிப் பார்க்கலாமா? நாளைக்கு ஒருத்தரைத் தலையோட கால் போர்த்திக் கூட்டிட்டு வர்றோம். யாருன்னு சொல்ல மாட்டோம்."

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. மறுக்க முடியவில்லை. "கம்பளி போட்டு மூடினாலும் என் நாற்காலிக்குத் தெரியும், குழந்தை" என்று ஆசனானந்தர் புன்னகைத்தார்.

மறுநாள் போர்வைக்குள் ஓர் உருவத்தைக் கைப்பிடித்து அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தார் காவலாளி. "இந்த ஒரு தடவைப்பா" என்று மகள் கெஞ்சியிருந்தாள். ஆசனானந்தரின் பார்வை கீழே போயிற்று. போர்வைக்கு அடியில் வார் அறுந்து ஊக்கு குத்திய செருப்பு. நேற்று அந்தப் பெண் போட்டிருந்த அதே செருப்பு. கூடவே அதே அப்பன்.

அவர் கண்ணை மூடினார். நாற்காலி வேகமாகத் திரும்பிச் சுவரை முறைத்தது.

"இந்த ஜென்மத்துல இவளுக்கு அரசாங்கச் சம்பளம் கிடையாது! எத்தனை தடவை வந்தாலும் கிடையாது!"

கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து வெறுங்காலோடு மகள் நடந்து வந்தாள். போர்வையை உருவினாள்.

உள்ளே, காக்கிச் சீருடையில், அவர்கள் தெருவின் தபால்காரம்மா. இன்னும் சில மாதங்களில் ஓய்வு பெறப் போகிறவர். வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"அடப்பாவி மனுஷா! அப்போ இத்தனை வருஷமா எனக்குச் சம்பளம் போட்டது உங்கப்பனா?"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. ஆசனானந்தர் கிரகக் கோளாறு என்று ஏதோ தொடங்கினார். அவர் முடிக்கும் முன்னே, அங்கிக்குள் கால் அசைந்ததைப் போர்வை இடுக்கில் பார்த்திருந்த தபால்காரம்மா அங்கி விளிம்பைத் தூக்கினார். தரையில் விரித்த கம்பளத்துக்குள் ஒரு மிதிகட்டை. அதிலிருந்து நாற்காலியின் அடிவரை ஒரு கம்பி. தபால்காரம்மா காலால் அழுத்தினார். காலி நாற்காலி சமர்த்தாக ஜன்னலைப் பார்த்தது. ஆசனானந்தரும் ஜன்னலைத்தான் பார்த்தார், ஆனால் அதில் கம்பி போட்டிருந்தது. வாசலில் கூட்டம் நின்றது.

காவலாளி அந்த மிதிகட்டையைத் தானும் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். பிறகு மகளிடம் வந்தார்.

"பரீட்சை எந்த இடத்துல? நானே கொண்டுவந்து விடறேன். முதல்ல அந்தம்மாகிட்டேர்ந்து செருப்பத் திருப்பி வாங்கிப் போட்டுக்க, கால் சுடும்."

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஓர் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு மகளிடம் ஓடி வந்தார்.

"கண்ணு, அந்தப் போர்வைய ஒரு நாள் குடுப்பியா? அரசாங்க உத்தியோகம் பார்க்கிறவங்க மேல கிடந்தது. என் பையன் மேல போர்த்திப் பார்க்கிறேன்."

"அவருக்குப் போர்த்த வேண்டாம்மா" என்றாள் அவள். "எழுப்பி விடுங்க."

அந்த அம்மா கோபித்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த தெருவில் மேசையைத் தட்டிக் குறி சொல்கிறவர் ஒருவர் வந்திருக்கிறாராம். அங்கேயும் விடியுமுன் வரிசை நிற்கிறது. போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். போகுமுன் உங்கள் மூளைக்கு ஒரு நாள் வேலை கொடுத்துப் பாருங்கள். உங்களுக்கு வேலை கொடுப்பதைப் பற்றி அரசாங்கம் அப்புறம் யோசிக்கும்.