இரு நாகரிகங்களும் ஒரு பால்சுறாவும்

ஓர் ஆற்றின் இருபுறமும் வடகரை நாடு, தென்கரை நாடு என்று இரண்டு நாடுகள் இருந்தன. இரண்டிலும் பேசியது ஒரே மொழி. சண்டையும் அதில்தான், சம்பந்தமும் அதில்தான். வடகரையில் பரிசல் ஓட்டிய மாரிக்கொழுந்து, தன் தங்கை செங்கமலத்தைத் தென்கரையில்தான் கட்டிக்கொடுத்திருந்தாள்.

தங்கை நிறைமாதமாக இருந்த நேரத்தில் வடகரை மன்னருக்கு உலக அமைதியில் நாட்டம் பிறந்தது. நாகரிகங்களுக்கிடையே உரையாடலை வளர்க்க ஓர் அமைச்சகம் அமைத்தார். அதன் முதல் ஆணை: முறையான உரையாடல் தொடங்கும்வரை இரு கரையினரும் ஒருவரோடொருவர் பேசக் கூடாது. தென்கரை அரசும் சளைக்காமல் மறுநாளே அதே ஆணையைப் போட்டது. பரிசல்கள் கரையில் கவிழ்த்து வைக்கப்பட்டன.

இரு நாகரிகங்களுக்கு ஒரே மொழி இருப்பது இரண்டுக்குமே இழுக்கு என்றது அடுத்த ஆணை. அன்று முதல் வடகரையம், தென்கரையம் என மொழிகள் இரண்டாயின. எதிர்க்கரை மொழி அனுமதியின்றிப் புரிந்தால் ஆறு மாதச் சிறை.

பிறகு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார்கள். பயந்துபோய் ஒருவரும் வரவில்லை. உரையாடல் மாநாடு தென்கரையில் என்று கேள்விப்பட்டு, தங்கையைப் பார்க்கும் ஆசையில் மாரிக்கொழுந்து போய் நின்றாள்.

"தென்கரையத்தை எங்கே கற்றாய்?" என்றார் அதிகாரி.

"பொறந்ததுல இருந்து பேசுறேங்க."

'பிறவி மேதை' என்று அவர் எழுதிக்கொண்டார்.

மாநாட்டுக் கொட்டகையைச் சுற்றி ஈட்டிக்காரர்கள். யாரும் வெளியே போக முடியாது. தென்கரையின் மொழிபெயர்ப்பாளனை அவள் பார்த்தாள். செங்கமலத்தின் புருஷன் வீரபாகு.

வடகரை அமைச்சர் எழுந்தார். "எங்கள் நாகரிகம் ஐயாயிரம் ஆண்டுப் பழமையானது!"

புரிந்துகொள்ள அனுமதியில்லாத தென்கரை அமைச்சர், மாரிக்கொழுந்தைப் பார்த்தார். அவள் வீரபாகுவின் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, செங்கமலம் எப்படி இருக்கா?"

தென்கரை அமைச்சர் கம்பீரமாகத் தலையசைத்தார். "எங்களுடையது ஐயாயிரத்து ஒன்று!"

வீரபாகு மொழிபெயர்த்தான்: "பொம்பளப் புள்ள மதினி. நாலு நாளாச்சு. பால்தான் ஊறல."

தவறு என்று சொல்ல வேண்டுமானால் புரிந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அவையினர் எல்லோரும் தலையாட்டினார்கள்.

"சகிப்புத்தன்மையே எங்கள் உயிர்மூச்சு" என்றார் வடகரை அமைச்சர்.

"பால்சுறா மீனுல புட்டு செஞ்சு குடுங்க. பூண்டை நெய்யில வதக்கிப் போடுங்க. புள்ளைய நான் பாக்கலன்னு அவ அழக் கூடாது, சொல்லிருங்க."

கொட்டகை அதிரக் கைதட்டல்.

உடன்படிக்கையில் கையெழுத்தெல்லாம் முடிந்த பிறகு வடகரை அமைச்சர் அவள் பக்கம் குனிந்தார். "மலைப்பூண்டா பாத்து வாங்கச் சொல்லும்மா. என் மகளுக்கு அதுலதான் பால் ஊறிச்சு."

"அப்ப உங்களுக்குப் புரிஞ்சுதா ஐயா?"

அவர் மேடையேறித் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உரையாடல் மகத்தான வெற்றி! அதற்கு இடையூறு நேராதிருக்க, இரு கரையினரும் பேசுவதற்கான தடை மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்படுகிறது."

மொழிபெயர்க்க மாரிக்கொழுந்து வாயெடுத்தாள். அதற்குள் தென்கரை அமைச்சர் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்.