பெரியம்மா உடம்பில் காலியம்

நீடாமங்கலம்,
வெள்ளிக்கிழமை

ஐதராபாத் ஆய்வுக்கூடத்தில் பெப்டைடு வடிவமைக்கும் அன்பு மகள் செம்மொழிக்கு, பெரியப்பா துரைராசு எழுதுவது. இங்கு இருவரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். அதில் பாதிதான் உண்மை. வாய்க்காலில் தண்ணீர் வருகிறது, தாளடி நெல் நட்டாகிவிட்டது. போனில் பேசினால் உன் பெரியம்மா பிடுங்கிக்கொள்வாள், அதனால்தான் கடிதம்.

அவளுக்குக் குடலில் கட்டி, ஈரலிலும் பரவியிருக்கிறது என்பது உனக்குத் தெரியும். போன வாரம் சென்னையில் காலியம் ஸ்கேன் எடுத்தார்கள். படத்தைப் பார்த்த டாக்டரம்மா, "நல்லா பிரகாசமா தெரியுது, ரொம்ப சந்தோஷம்" என்றார்கள். எனக்கு வந்ததே கோபம். "என் பெஞ்சாதி வயித்துக்குள்ள கட்டி ஜொலிக்குது, உங்களுக்குச் சந்தோஷமா?" என்று கத்திவிட்டேன். வராந்தாவில் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். பெரியம்மாதான், "நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. ஏன் சந்தோஷம்னு சொல்லுங்க டாக்டர்" என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். டாக்டரம்மா சொன்னது இது: கட்டியின் செல்கள் மேல் ஒருவகை ஏற்பிகள் இருக்கின்றன, அவற்றைத் தேடிப்போய் ஒட்டுகிற சின்னப் புரதத் துண்டுதான் பெப்டைடு, அதன் முனையில் ஒரு கூண்டு, கூண்டுக்குள் காலியம் என்கிற கதிர்வீசும் உலோகம், காலியம் போய்ச் சேர்ந்த இடம் படத்தில் தெரியும், தெரிந்த இடத்துக்கெல்லாம் அடுத்து லுட்டீசியம் என்கிற இன்னும் வலுவான உலோகத்தைக் கூண்டில் வைத்து அனுப்பினால் அது அங்கேயே இருந்து கட்டியைச் சுடும். தெரியாமல் போயிருந்தால்தான் கவலையாம்.

பெரியம்மா அதோடு விட்டாளா? "வழியில கூண்டு தொறந்துக்கிட்டா?" "கூண்டு இடிச்சு பெப்டைடு ஒட்டாம போயிட்டா?" "கிட்னியில தங்கிடாதா?" என்று விடாமல் கேட்டாள். வெளியே அடுத்த நோயாளி கதவைத் தட்டுகிறார். டாக்டரம்மாவுக்குக் குஷி வந்துவிட்டது. "இடிக்காம இருக்க நடுவுல ஒரு சின்ன இணைப்பு வைப்பாங்கம்மா, அதைத்தான் வருஷக்கணக்கா மாத்தி மாத்தி செஞ்சு பாக்குறாங்க" என்றார்கள். "எங்க செம்மொழிக்கு அதான் வேலை!" என்றாள் இவள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஏனென்றால் இத்தனை நாளாக நீ கூண்டு செய்கிறாய் என்றுதான் ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். உன்னைப் பெண் கேட்டு வந்த திருக்காட்டுப்பள்ளிக்காரர்கூட, "வெல்டிங் பட்டறை சொந்தமா, வாடகையா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இங்கே வந்த பிறகு இன்னொரு கூத்து. ஸ்கேன் அன்றைக்கு மட்டும் கர்ப்பிணிகளிடமும் கைக்குழந்தைகளிடமும் போகவேண்டாம் என்றார்கள், அதை மீரா உசேன் டீக்கடையில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். தெருக்கோடிக்குப் போவதற்குள் அது என்னென்னவோ ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுக் கலைமகள் சினை ஆட்டை எங்கள் வேலியிலிருந்து அவிழ்த்துக்கொண்டு போனாள். "அக்கா, செல்லுல டவரே போயிடுது, நீங்க செத்த உள்ளயே இருங்களேன்" என்று வேறு சொன்னாளாம். பெரியம்மா கோபிக்கவில்லை. கூப்பிட்டு உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, "காலியம் மணிக்கு மணி பாதியா கொறஞ்சு மறுநாளே போயே போச்சுடி" என்று பாடம் நடத்தினாள்.

இப்போது லுட்டீசிய ஊசிக்குத் தேதி கேட்கிறாள். எனக்குத்தாம்மா பயமா இருக்கு. அறுப்பு முடியட்டும், அதற்குள் இன்னும் நல்ல மருந்தாக ஒன்று செய்துவிடுவோம் என்று நீ அவளிடம் சொல்லேன். பொய் சொல்லச் சொல்லவில்லை, உண்மையைக் கொஞ்சம் மெதுவாகச் சொல் என்கிறேன்.

உன் கை செய்கிற எதுவும் போகவேண்டிய இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேரட்டும். வேளைக்குச் சாப்பிடு.

ஆசிகளுடன்,
துரைராசு

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து போன். வருகிற திங்களுக்கு அடுத்த திங்கட்கிழமை ஊசிக்கு இடம் இருக்கிறதாம். நான் வாயைத் திறப்பதற்குள், "வர்றோம்"னு சொல்லிட்டா. "பயமா இருந்தா நீங்க வீட்ல இருங்க" என்கிறாள். எனக்கா பயம்? மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு, அவளிடம் ஒன்றும் சொல்லாதே. ஊசி போட்ட உடம்பிலிருந்து கதிர் வீசுமாம், திரும்பும்போது ரயிலில் தள்ளி உட்காரவேண்டுமாம், அவள் வேறு பெட்டி என்கிறாள். நான் எதிர் சீட்டுப் போட்டிருக்கிறேன். அவ்வளவு தூரம் போதுமா என்று மட்டும் உடனே எழுது. முகத்தைப் பார்க்காமல் சென்னையிலிருந்து நீடாமங்கலம்வரை என்னால் வரமுடியாது.