கேஜ் நுழையணும், ஜிவ்வு வரணும்

ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை பழைய கார் விற்கிறவர்களில், 'ரிஜெக்ட்' வருகிறார் என்று கேள்விப்பட்டதும் டீ குடிக்கிற சாக்கில் வெளியே நழுவாதவர் ஒருவர்கூடக் கிடையாது. அவர் பக்கத்தில் வந்து நின்றால், அதுவரை ஒழுங்காக ஓடிய வண்டிக்குக்கூட இருமல் வந்துவிடும் என்பார்கள். வீட்டில் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் உண்டு. அது ரேஷன் கார்டுக்கும் சர்ச் ரிஜிஸ்டருக்கும் மட்டும் பயன்பட்டது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், கியர் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், முப்பத்திரண்டு வருடம் இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் உட்கார்ந்திருந்தவர். சாமானைக் கையில் எடுப்பார், ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார், சிவப்புச் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுவார். ஓய்வு பெற்ற பிறகும் கை நிற்கவில்லை. மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்குக் குறி போட்டு அடி வாங்கப் பார்த்தார். சர்ச்சுக்குப் புதிதாக வந்த பெஞ்சு ஒன்றின் காலில் போட்டார். ஃபாதர் கோபித்துக்கொண்டு அதில் உட்கார்ந்தார். பெஞ்சு சாய்ந்தது. அன்று முதல் திருமுல்லைவாயிலில் யார் பழைய கார் வாங்கக் கிளம்பினாலும் ரிஜெக்டைக் கூட்டிக்கொண்டு போவது வழக்கமாயிற்று.

இத்தனைக்கும் அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. "ஓட்றவனுக்கு ரோடு தான் சார் தெரியும். உக்கார்றவனுக்குத் தான் வண்டி தெரியும்" என்பார்.

நான் அவரிடம் போய் நின்றது ஒரு சித்திரை பதினைந்து, ஞாயிற்றுக்கிழமை. கள்ளிக்குப்பத்துக்காரனான நான் முப்பது வருடம் மின்சார ரயிலில் நின்றுகொண்டே வேலைக்குப் போனவன். நாள், நட்சத்திரம், யார் வந்தார், என்ன பேசினார் என்று எல்லாவற்றையும் டைரியில் குறித்து வைக்கிற வியாதியும் எனக்கு உண்டு. கார் விஷயத்தில் எனக்கும் என் மனைவிக்கும் கருத்து வேற்றுமை. நாலு பேர், ரெண்டு மூட்டை அரிசி, அவள் அம்மா, எல்லாம் ஏற வேண்டும் என்பது அவள் கட்சி. ஆக்சிலேட்டரை மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்ட வேண்டும் என்பது என் கட்சி.

"உபயோகமாவும் இருக்கணும், ஓட்டினா சந்தோஷமாவும் இருக்கணும். ரெண்டும் ஒரே வண்டியில கிடைக்குமா அண்ணே?" என்று கேட்டேன்.

"அத்தத் தான் சார் நானும் தேடிகினு கீறேன்" என்றார்.

கார் ஓட்டத் தெரியாதவர் 'நானும்' என்கிறாரே என்று யோசித்தேன். அதற்குள் அவர் கிளம்பிவிட்டார். கக்கத்தில் பெரிய பிளைவுட் பலகை. பஸ்ஸில் கண்டக்டர் அதைப் பார்த்து, "பெரியவரே, கேரம் போர்டுக்கு லக்கேஜ் எடுக்கணும்" என்றார்.

"இது கேரம் போர்டு இல்ல, கேஜ். அளவு பாக்கற பலக."

"இன்னாவா இருந்தாலும் லக்கேஜ்."

பூந்தமல்லி பைபாஸ் ஓரம் இருந்த யார்டில் பாபு என்கிற புரோக்கர் ஒரு வெள்ளை வண்டிக்கு மல்லிகைச் சரம் சுற்றி வைத்திருந்தார். ரிஜெக்டைக் கண்டதும் அவர் முகம் வாடியது.

"அண்ணாத்தே, காலைல மொத போணி. கொஞ்சம் பாத்து."

ரிஜெக்ட் சரத்தை ஒதுக்கினார். கைக்குட்டையில் சுற்றிய காந்தத்தைக் கதவில் ஓட்டினார். ஓர் இடத்தில் காந்தம் ஒட்டாமல் நழுவியது. உள்ளே தகடு இல்லை, அடிபட்ட பள்ளத்தை மறைத்த பட்டி. பெருக்கல் குறி. பிறகு சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். யாரும் இழுக்காத அந்தக் கடைசி முழத்தில் சேற்றுக்கோடு ஒன்று தெரிந்தது.

"பாபு, இந்த வண்டிக்கு நீச்சல் தெரியுமா?"

"இன்னா நைனா, எம் பொயப்புல மண்ணப் போடறே!"

"நான் எங்கடா போட்டேன்? வெள்ளத்துல அதுவே வந்து குந்திகினு கீது, பாரு."

எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் பொறித்திருக்கும். முதல் இரண்டு அது செய்யப்பட்ட வாரம், அடுத்த இரண்டு வருடம். கண்ணாடிகளிலும் வருடக் குறி உண்டு. கோயில் சுவரில் கல்வெட்டைத் தேடிப் படிப்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? மண்டியிட்டுப் படித்துச் சொன்னேன். நாலு கதவுக் கண்ணாடியும் மூன்று வெவ்வேறு வருடம். ரிஜெக்ட் என்னை முதன்முறையாக மரியாதையுடன் பார்த்தார். "இது காரு இல்ல சார், கூட்டுக் குடும்பம்" என்று சொல்லி, எனக்கும் ஒரு துண்டு சாக்பீஸ் உடைத்துக் கொடுத்தார். எந்த விருதும் வாங்காத என் வாழ்க்கையில் அதுதான் விருது.

குறைகளில் தேறிய வண்டிக்கு இரண்டு பரீட்சை பாக்கியிருக்கும். முதலாவது, டிக்கியைத் திறந்து பிளைவுட் பலகையை உள்ளே விடுவார். நுழைந்தால் பாஸ். இரண்டாவது, வண்டியை முத்தாபுதுப்பேட்டை தாண்டி ஓட்டச் சொல்வார். அங்கே ஏரிக் கால்வாயின் மேல் ஒட்டகத்தின் முதுகு போல ஒரு சின்ன மதகுப் பாலம். அதில் வேகமாக ஏறி இறங்கும்போது, இடது முன்சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் அவருக்கு வயிற்றில் 'ஜிவ்' என்று ஒரு காற்று எழும்ப வேண்டும்.

"இங்கேர்ந்து முத்தாபுதுப்பேட்டையா? பெட்ரோலு உங்க மாமனாரா போடுவாரு?" என்று பாபு அலறுவார்.

ஒரு வைகாசி மாதக் கோடை மழையில் நனைந்து, ஆறாவது வண்டியை நிராகரித்துவிட்டுத் திரும்பியபோது அவர் வீட்டில் ஒதுங்கினோம். அங்கே சுவரில் ஒரு சக்கர நாற்காலி மடித்துச் சாத்தியிருந்தது. பிளைவுட் பலகையை அவர் அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே உயரம், ஒரே அகலம்.

கட்டிலில் சாய்ந்திருந்தவர் அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா. பக்கவாதத்தில் இடது பக்கம் போய் மூன்று வருடம். வாய் மட்டும் எதையும் இழக்கவில்லை.

"எத்தினி குறி போட்டீங்க இன்னிக்கி? சார், இந்த மனுசன் என்னப் பொண்ணு பாக்க வந்தப்பவும் இப்டித் தான் சுத்திச் சுத்திப் பாத்தாரு. அன்னிக்கி சாக்பீஸ் மறந்துட்டாரு. அதான் கல்யாணம் நடந்துச்சி."

அக்காதான் சொன்னார். கல்யாணமான புதிதில் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து அந்த மதகைத் தாண்டுவார்கள். ஒரு முறை போதாது என்று திருப்பச் சொல்லி மூன்று முறை. இப்போது மருத்துவமனைக்குக் கால் டாக்ஸியில்தான் போகிறார்கள். டிக்கியில் கேஸ் சிலிண்டர் உட்கார்ந்திருப்பதால் நாற்காலிக்கு இடமில்லை. இரண்டு பேர் தூக்கி ஏற்றி, இரண்டு பேர் தூக்கி இறக்க வேண்டும்.

"ஒரு வாட்டி டாக்ஸிக்காரனாண்ட கேட்டேன், கொஞ்சம் மதகு பக்கமா வேகமா உடுப்பான்னு. எறக்கி உட்டுட்டான் சார்" என்றார் ரிஜெக்ட்.

"ஒரே ஒரு தபா" என்று வலது கையின் விரல் ஒன்றைக் காட்டினார் அக்கா. "நாக்காலியும் கூட வரணும். அந்தாண்ட எறங்கி ஏரியப் பாக்கணும்ல? தூக்கிகினு போற மூட்டையா நானு?"

ஊரார் வண்டிகளையெல்லாம் அவர் ஏன் சோதித்தார் என்பது அன்றுதான் விளங்கியது. "பாபுகிட்ட ஒரு வண்டிய ஒரு மணி நேரம் கேட்டா என்ன அண்ணே?" என்றேன். அவருக்கு முகம் சுருங்கியது. "பட்டி வச்ச வண்டில அவள ஏத்தறதா? தேறுன வண்டி வரட்டும். நீங்களே ஓட்டுங்க."

அதன்பின் என் கார் தேடல் எனக்கானதாக இல்லை. பெரிய வண்டிகளில் பலகை நுழைந்து கூடவே இன்னொரு பலகைக்கும் இடமிருந்தது. மதகில் மெத்தை மேல் உருண்டது போல இருந்தது, ஜிவ்வு இல்லை. குட்டி வண்டிகளில் ஜிவ்வு தாராளமாக வந்தது, ஒன்றில் பின்னால் இருந்த பாபு, தலை கூரையில் மோதி, "அண்ணாத்தே, எனக்கு வந்திருச்சி, போதும்!" என்று கத்தினார். அதில் பலகை நுழையவில்லை. பதினைந்து மாதத்தில் பதினெட்டு வண்டிகள். பட்டியல் என்னிடம் இருக்கிறது.

பத்தொன்பதாவது, கருநீலம், ஒன்பது வயது, ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது. காந்தம் எங்கும் நழுவவில்லை. கண்ணாடிகள் எல்லாம் ஒரே வருடம். பலகை உள்ளே போய் இரண்டு விரல் இடம் மிஞ்சியது. மதகில் ரிஜெக்ட் கண்ணைத் திறந்து, "ஹா!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவருக்கு முப்பது வயது குறைந்தது. பாபு பயந்துபோய், "இன்னாச்சி அண்ணாத்தே, ஒடம்புக்கு எதுனா?" என்றார்.

அன்று ஆடி நாலு, ஞாயிறு.

இனி எழுதப்போவதை டைரியில் எழுதியபோதே கை ஓடவில்லை. ஆடியில் வண்டி எடுப்பதில்லை என்றேன் நான். என் மனைவி, "அதெல்லாம் பரவால்ல, எடுங்க" என்றுதான் சொன்னாள். பஞ்சாங்கத்தைப் புரட்டியவன் நான். ஆவணி நாலு, புதன், முகூர்த்த நாள். பழைய நோட்டில் பார்த்தால் என் அப்பா முதல் சைக்கிள் வாங்கியதும் ஒரு ஆவணி நாலுதான். இரண்டு தேதிகளும் ஒரே பக்கத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கப்போகிற அழகில் மயங்கிப் போனேன்.

"ஆகஸ்டு பதினஞ்சு மாதா பண்டிகை சார். அதுக்குள்ள முடியுமா?" என்று ரிஜெக்ட் ஒரே ஒரு தடவை கேட்டார்.

"அது ஆடி முப்பது அண்ணே."

அவர் விரல் விட்டு எண்ணினார். "சரி சார். உங்க ஊட்டு வயக்கம். முப்பத்தோரு நாளு தானே. அவ எங்க ஓடிடப் போறா?"

ஆடி இருபத்தாறு, திங்கட்கிழமை காலை, ஸ்டெல்லா அக்காவுக்குப் பக்கவாதம் இரண்டாவது முறை வந்தது. கால் டாக்ஸியில்தான் தூக்கி ஏற்றினார்கள். டிக்கியில் சிலிண்டர் இருந்தது. நாற்காலி வாசலிலேயே நின்றது. அக்கா திரும்பி வரவில்லை.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். பெட்டியின் மூடி ஒரு மூலையில் அரை விரற்கடை பொருந்தாமல் இருந்தது. மற்றவர்கள் யாரும் கவனிக்கவில்லை. ரிஜெக்ட் கவனித்தார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. வெறுமனே திரும்பி வந்தது.

வண்டியே வேண்டாம் என்று சொல்லிவிட இருந்தேன். ஆவணி நாலு காலை, நாலு எலுமிச்சம்பழத்தோடு அவரே கள்ளிக்குப்பம் வந்துவிட்டார். "தேதி குறிச்சா மாத்தக் கூடாது சார்" என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். சக்கரங்களுக்கு அடியில் அவரே பழம் வைத்தார். பிறகு அவர் வீட்டுக்குப் போனோம். மடித்த நாற்காலியை எடுத்து வந்து டிக்கியில் வைத்தார். கணக்குப்படி இரண்டு விரல் இடம் மிஞ்சியது. முன்சீட்டில் உட்காரவில்லை. பின்னால் ஏறிக்கொண்டார்.

மதகு வந்தது. பிரேக்கை மிதித்துவிட்டேன். வண்டி ஊர்ந்து ஏறி ஊர்ந்து இறங்கியது. ஜிவ்வு வரவில்லை. ஏரி வந்தது. நாங்கள் இறங்கவில்லை.

"எப்படி அண்ணே இருக்கு வண்டி?"

"நல்லாத் தான் கீது சார்."

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் முறை. அதற்குப் பிறகு அதைத் தவிர வேறு வார்த்தை கேட்கவில்லை. யார் எந்த வண்டியைக் காட்டினாலும் நல்லாத் தான் கீது. பலகையை என் டிக்கியிலேயே விட்டுவிட்டார். சாக்பீஸ் டப்பா எங்கே என்று தெரியவில்லை. ஐப்பசியில் ஒருநாள் பாபுவே என்னைத் தேடி வந்தார்.

"சார், வெள்ளத்துல முங்கின வண்டி ஒண்ணு. வேணும்னே காட்னேன். பெல்ட்ட இசுத்துப் பாத்தாரு, சேறு உள்ளங்கைல ஒட்டிச்சி. 'நல்லாத் தான் கீது பாபு'ன்னாரு. எனக்கு அயுகையே வந்துடுச்சி சார். எதுனா பண்ணுங்க. ஒரு வாட்டியாவது வந்து என்னத் திட்டச் சொல்லுங்க."

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் சர்ச் வாசலில் போய் நிற்பேன். அவர் வந்து பின்னால் ஏறுவார். முத்தாபுதுப்பேட்டை தாண்டி, மதகு ஏறி, ஏரியைப் பார்த்துவிட்டு வருவோம். இடது முன்சீட்டில் யாரும் உட்காருவதில்லை. ஒவ்வொரு வாரமும் வேகமாக ஏற நினைப்பேன். ஒவ்வொரு வாரமும் கால் பிரேக்குக்குப் போய்விடும்.

தை பதினொன்று, ஞாயிறு. மதகு தாண்டியதும் பின்னாலிருந்து தொண்டையைச் செருமும் சத்தம்.

"இன்னா சார் இது? மாட்டு வண்டி கணக்கா ஏத்தறீங்க? எத்தினி வாரமா பாத்துகினு கீறேன். ஸ்டெல்லா இருந்தா எறங்கி நடந்தே போயிருப்பா. ரிஜெக்ட். திருப்புங்க. இன்னொரு தபா."

திருப்பினேன். கண் மறைத்ததால் கொஞ்சம் நேரமாயிற்று.

அன்றைய டைரியில் தேதி போட்டு ஒரே வரிதான் எழுதியிருக்கிறேன்: 'இன்று அண்ணன் என்னை ரிஜெக்ட் செய்தார்.'